காட்டுமுயலும் கணுப்பூண்டும்: ஓர் ஒப்பீட்டுக்கான குறிப்புகள்

ஜனவரி 17, செவ்வாய்

காலையில் எண்ணினேன். சரிவில் நான் நட்ட தவிட்டுப்பழக் கன்றுகளில் ஒன்பது வெட்டப்பட்டிருக்கின்றன. தின்னப்பட்டவை அல்ல, வெட்டப்பட்டவை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சாய்வாக, ஒரே வீச்சில் நறுக்கியது போல. வெட்டிய நுனிகளில் நான்கு அங்கேயே கிடந்தன. பசித்த பிராணி சாப்பாட்டைத் தரையில் போட்டுவிட்டுப் போகுமா?

பவளத்திடம் காட்டினேன். பத்தொன்பது மாதமாக என்னிடம் களையெடுக்கிறவள்.

"முயலு சார்" என்றாள், குனிந்துகூடப் பார்க்காமல். "அதுக்குப் பல்லு உளி மாதிரி. இப்படித்தான் சாய்ச்சு நறுக்கும்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா என்ன? எங்க எஸ்டேட் லயத்துல பீன்ஸ் கொடிய பூரா இப்படித்தான் கத்தரிச்சுப் போட்டுச்சு."

"தின்னாம ஏன் போட்டுட்டுப் போகுது?"

"அதப் புடிச்சுக் கேளுங்க சார்."

கேலி. அவள் கையிலிருந்த களைக்கத்தி புதிதாகச் சாணை பிடித்தது போலப் பளபளத்தது. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 19, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. மின்சார அடுப்பில் ரசம் மட்டும் வைத்தேன்.

அறக்கட்டளைச் செயலர் போஜன் வந்திருந்தார். இந்தக் காக்கைமேட்டுச் சரிவில் வெளிநாட்டுச் சீகை மரங்களை வெட்டியெடுத்த இரண்டு ஏக்கரில் பழைய புல்வெளியையும் அதன் குறுஞ்செடிகளையும் திரும்பக் கொண்டுவருவது அறக்கட்டளையின் வேலை என்று பெயர்ப்பலகை சொல்கிறது. உண்மையில் அது என் வேலை. பலகையில் என் பெயர் இல்லை.

"ஏப்ரல் கூட்டத்துக்குள்ள ஒரு ஒப்பீடு எழுதிக் குடுங்க, ஞானவரதன் சார்" என்றார் போஜன். "முயலா, அந்த ரோஸ் பூண்டா? எதனால கேடு அதிகம்? இந்த வருசம் ஒண்ணத்தான் பாக்க முடியும். முயல்னா சுத்தி வலைவேலி போட்டுரலாம். பூண்டுன்னா களையெடுக்க ஆளு."

வேலி போட்டால் நிறைமதியின் ஆராய்ச்சி முடிந்தது. மூன்று வருடமாக இந்தச் சரிவின் முயல்களைத்தான் கணக்கெடுக்கிறாள். அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். முப்பத்தொரு வயதில் பெயருக்கு முன்னால் டாக்டர். எனக்கு ஐம்பத்து மூன்று. நான் உலர்த்தி ஒட்டிக் கொடுத்த இருநூற்றுப் பதினான்கு தாவர மாதிரிகள் யார் பெயரில் அச்சாயின என்பது எனக்குத் தெரியும். என் பேராசிரியருக்கும் தெரியும். அவர் செத்துப் போனார். சாவுக்கு நான் போகவில்லை, இரங்கல் கடிதமும் எழுதவில்லை.

ஜனவரி 28, சனி

பூண்டைப் பற்றி.

உருண்டை உருண்டையாக இளஞ்சிவப்புப் பூ, பட்டாணி அளவு. இலையின் நடுவே கருஞ்சிவப்பில் அம்புமுனை போல ஒரு கோடு. எந்தக் காலத்திலோ பங்களாத் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்து வைத்தது. இன்று மலைப்பாதையின் கல்சுவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பவளம் அதைச் செவர்ப்பூ என்கிறாள். கணுதோறும் வேர் இறக்குவதால் நான் கணுப்பூண்டு என்று எழுதுகிறேன். பிடுங்கும்போது பத்துத் துண்டாக முறியும், பத்தும் பிழைக்கும். பிடுங்குகிறவனையே பரப்புகிறவனாக்கும் செடி.

குடியிருப்பிலிருந்து சரிவு வரைக்கும் வருகிற ஒற்றையடிப் பாதையின் சுவர் முழுக்க அதுதான். அதனால்தான் முதல் மாதமே வாசலில் கல்தொட்டி வைத்தேன். யாராக இருந்தாலும் காலணியைத் தொட்டியில் தேய்த்துக் கழுவிய பிறகே உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். போஜனையே கழுவ வைத்தேன். நிறைமதி "இது ரொம்ப நல்ல ஏற்பாடு சார்" என்றாள். எதற்காகப் புகழ்ந்தாள்?

இவ்வளவு செய்தும் உள்ளே பூண்டு முளைக்கிறது. அதுவும் திறந்த வெளியில் அல்ல. கன்றுகளின் காலடியில், பாத்தி பாத்தியாக. யாரோ அங்கே பார்த்துப் போடுகிறார்கள்.

பிப்ரவரி 4, சனி

ஓடைக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். வீணாக்க மாட்டேன். கால் கழுவிய தொட்டித் தண்ணீரைப் பூவாளியில் அள்ளிக் கன்றுகளுக்கு ஊற்றச் சொல்லியிருக்கிறேன். கோடையில் என் கன்றுகள் காயாதிருப்பது இந்த ஒரு ஏற்பாட்டினால்தான்.

இன்று வெட்டுப்பட்டவை ஆறு. மொத்தம் இருபத்தேழு.

பிப்ரவரி 9, வியாழன்

கண்ணால் பார்த்தேன். பவளம் தொட்டித் தண்ணீரை வாளியில் அள்ளிக்கொண்டு போய்ச் சாலையோரம் கொட்டினாள். ஒரு வாளி அல்ல, மூன்று.

"என்ன செய்யற?"

திடுக்கிட்டாள். "அழுக்குத் தண்ணி சார். செடிக்கு வேணாம்னு..."

"வேணும் வேணாம்னு நீ முடிவு பண்றியா?"

"இல்ல சார். அடியில என்னென்னமோ கெடக்குது. நல்லதுக்குத்தான்..."

"நல்லது கெட்டது எனக்குத் தெரியும். நான் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குற்றமுள்ளவர்கள் அப்படித்தான் குனிவார்கள். கன்று காய வேண்டும் என்று நினைக்கிறவளுக்குக் கன்றை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் அவளும் நிறைமதியும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள்.

பிப்ரவரி 20, திங்கள்

நிறைமதி ஒரு பழுப்பு உறை கொண்டுவந்து கொடுத்தாள்.

"முயல் எண்ண வெச்ச கேமராவுல விழுந்த படங்க சார். கன்னுங்கள யாரு வெட்டறாங்கன்னு இதுல இருக்கு. நீங்களே பாத்துருங்களேன்."

"படத்த எங்க வேணா எடுக்கலாம்."

"கீழ தேதி, நேரம் எல்லாம் இருக்கு சார்."

"தேதியையும் மாத்தலாம்."

அவள் முகம் சுருங்கியது. "நான் எதுக்கு சார் மாத்தப் போறேன்?"

எதற்கு என்று அவளுக்கே தெரியும். உறையைப் பிரிக்காமல் அலமாரியில், பழைய தாவர மாதிரிக் கட்டுகளுக்கு மேலே வைத்தேன். அவள் கொடுக்கும் சான்றை வைத்து நான் முடிவெடுத்தால் முடிவு அவளுடையது.

பிப்ரவரி 22, புதன்

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

போஜனுக்குக் கடிதம் எழுதினேன். கன்றுகள் நாற்பத்தொன்று வெட்டப்பட்டன, வெட்டு கத்தியால் ஆனது, பாசனத் தண்ணீர் வேண்டுமென்றே கொட்டப்பட்டது, பவளத்தைச் சரிவிலிருந்து விலக்க வேண்டும். நிறைமதியின் பெயரை எழுதவில்லை. அவள் முறை வரும்.

பிப்ரவரி 23, வியாழன்

பவளத்தை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் கூட்டத்தில் இறுதி முடிவு. களைக்கத்தியையும் கையுறையையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கையுறையின் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்து, காய வைத்திருந்தாள்.

மார்ச் 6, திங்கள்

எட்டுக் கன்றுகள் புதிதாக வெட்டுப்பட்டிருக்கின்றன.

பவளம் உள்ளே வரவில்லை. வந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. வாசல் சாவி என்னிடம். ஆக, முயல்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாதத்துக்காக மட்டும்.

அப்படியானால் பூண்டைக் கொண்டுவருவதும் அதுதானே? பாதையோரம் பூண்டைத் தின்று, உள்ளே வந்து புழுக்கை போட்டால் விதை முளைக்காதா? அதுவும் கன்றின் அடியில், கடித்த இடத்திலேயே. எவ்வளவு எளிது! முயலும் பூண்டும் இரண்டு கேடுகள் அல்ல. ஒரே கேட்டின் இரண்டு முனைகள். இதை நிறுவிவிட்டால் போஜன் கேட்ட ஒப்பீடே தேவையில்லை. வேலி ஒன்று போதும். நிறைமதி தன் கேமராக்களைக் கழற்றிக்கொண்டு வேறு மலை பார்க்கலாம்.

இன்று நன்றாகப் பசித்தது. வெகுநாளைக்குப் பிறகு.

மார்ச் 7, செவ்வாய்

பன்னிரண்டு சட்டிகள். நான்கில் முயல் புழுக்கை கலந்த மண். நான்கில் பாதையோர மண். நான்கில் சுட்ட மண். அடுப்பில் வறுத்து, எந்த விதையும் உயிரோடு இல்லாதபடி. சுட்ட மண்ணில் எதுவும் முளைக்கக் கூடாது. புழுக்கைச் சட்டியில் பூண்டு முளைக்க வேண்டும். எம்.எஸ்ஸி. மாணவனுக்கும் தெரிந்த சோதனை.

மூங்கில் கொட்டகையில் வைத்து, நானே தண்ணீர் ஊற்றினேன். குழாயில் இன்று முறை இல்லை, தொட்டியிலிருந்து எடுத்தேன்.

மார்ச் 18, சனி

முளைத்துவிட்டது! புழுக்கைச் சட்டி நான்கிலும். இலையில் அதே அம்புமுனைக் கோடு.

மார்ச் 19, ஞாயிறு

சுட்ட மண்ணிலும் முளைத்திருக்கிறது. நான்கிலும்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள். கொட்டகைக்குக் கதவு உண்டு, பூட்டு இல்லை. நேற்று முழுவதும் நிறைமதி சரிவில் இருந்தாள். சோதனை கெட்டுப்போனால் லாபம் யாருக்கு?

மார்ச் 20, திங்கள்

கேட்டே விட்டேன்.

"கொட்டகைக்குள்ள போனீங்களா?"

"எந்தக் கொட்டகை சார்?"

"என் சட்டிகள் இருக்கற கொட்டகை."

"இல்லையே. என்ன முளைக்க வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கவரப் பிரிச்சீங்களா?"

"நேரமில்லை."

"பவளக்கா வேலையில்லாம வீட்ல இருக்காங்க சார்."

இதற்கும் உறைக்கும் என்ன சம்பந்தம்? பேச்சை மாற்றுகிறாள்.

மார்ச் 21, செவ்வாய்

எல்லாம் முதலிலிருந்து. சட்டிகளைக் குடியிருப்பில் என் படுக்கையறைக்கே கொண்டுவந்தேன். மண்ணை இருமுறை வறுத்தேன். வீடு முழுக்கப் புகை. ஜன்னலுக்குக் கொக்கி, கதவுக்குப் புதுப்பூட்டு, ஒரே சாவி; அரைஞாணில் கட்டியிருக்கிறேன். தண்ணீரையும் யாரும் தொடக்கூடாது என்று நானே தொட்டியிலிருந்து சுமந்து வந்தேன்.

ஏப்ரல் 1, சனி

மழையில்லை. பூவாளியின் கைப்பிடி உடைந்துவிட்டது, கம்பி சுற்றினேன்.

இன்று முதல் முறையாக அந்த முயலை அருகில் பார்த்தேன். குவியல் குவியலாகப் புழுக்கைதான் பார்த்திருக்கிறேனே ஒழிய, உயிரை அல்ல. வலை பின்னியது போல வளர்ந்த புல்லுக்குள் ஓர் அமுங்கல், அதன் உடல் அளவுக்கே. வளை தோண்டும் பழக்கம் இந்த முயலுக்குக் கிடையாது. இந்தக் குழிவுதான் வீடு. பிடரியில் ஒரு கருந்திட்டு, மை கொட்டியது போல. காது இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன. நான் நின்றேன். அதுவும் அசையவில்லை. அசையாமல் இருந்தால் தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறது. அதன் மூக்கு மட்டும் துடித்தது.

ஒப்பீட்டுக்கு எழுதிக்கொள்கிறேன்: முயல் இந்த மலையிலேயே பிறந்தது, பூண்டு வந்தேறி. முயலுக்கு வேண்டியது ஓர் உடல் அளவு இடம். அது எழுந்து போனால் புல் நிமிர்ந்துவிடும். பூண்டுக்கு எவ்வளவு இடமும் போதாது. முயல் பயப்படுகிறது. பூண்டு எல்லோரையும் பார்த்துப் பூக்கிறது. ஆள்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. என்னை விரட்டியவர்கள் எல்லோரும் நன்றாகப் பூத்தவர்கள்.

அதற்கு வேலி போடத்தான் போகிறேன். இருந்தும் இன்று வந்த வழியிலேயே பின்வாங்கினேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

சட்டிகளைப் பார்த்தேன்.

புழுக்கைச் சட்டிகள் நான்கிலும் பூண்டு. கூடவே புல், நம்முடைய புல். சுட்ட மண் நான்கிலும் பூண்டு.

பூட்டு பூட்டியபடி இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

ஏப்ரல் 3, திங்கள்

பூட்டுக்காரனிடம் போய் விசாரித்தேன். இந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி கிடையாது என்கிறான். சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தான். "என்ன சார், வீட்ல தங்கமா இருக்கு?" என்றான். மண் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

காய்ச்சல் போல இருக்கிறது, காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 5, புதன்

காலையில் தொட்டியின் தண்ணீரை முழுவதும் இறைத்தேன். அடியில் இரண்டு விரல்கடை சேறு. அதை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

கருப்பாக, மூன்று விளிம்புள்ள விதைகள். முந்நூற்றுக்கு மேல் எண்ணி நிறுத்திவிட்டேன். நகத்தளவு தண்டுத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணு. சிலவற்றில் வெண்ணிற வேர் நூல் போலக் கிளம்பியிருந்தது.

என் காலணியைத் திருப்பிப் பார்த்தேன். இன்று இன்னும் கழுவவில்லை. அடிப்பள்ளங்களில் இளஞ்சிவப்பாக நசுங்கிய பூ.

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 5, மாலை

உறையைப் பிரித்தேன்.

பதிமூன்று படங்கள். பதினொன்றில் முயல். ஒன்றில் கன்றின் தண்டைப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துக் கடிக்கிறது. அடுத்ததில் நுனி தரையில் கிடக்கிறது, முயல் வேறெங்கோ திரும்பிக் காதைத் தூக்கி நிற்கிறது. தின்ன நேரமில்லாமல் எதற்கோ பயந்திருக்கிறது.

மீதி இரண்டில் நான். பூவாளியோடு, கன்றுகளுக்கு மேலே குனிந்து. நல்ல வெளிச்சம். முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது நான் இவ்வளவு அக்கறையாக இருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

முதலில் வேவு பார்த்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. அப்புறம் படங்களின் கீழே தேதியைப் பார்த்தேன். எல்லாம் ஜனவரி, பிப்ரவரி. உறை என் கைக்கு வந்தது இருபதாம் தேதி. பவளத்தின் மேல் நான் எழுதியது இருபத்திரண்டு.

எழுதுவதற்கு முன்பே இரண்டு நாள் அது என் அலமாரியில் இருந்தது.

ஏப்ரல் 9, ஞாயிறு

பவளத்தின் லயத்துக்குப் போனேன். அவள் முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

"தொட்டியக் கவுத்துட்டேன்" என்றேன்.

"அப்படியா சார்."

"அடியில விதை இருந்துச்சு."

"இருக்கும் சார்."

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

துணியைப் பிழிந்து உதறினாள். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. "சொல்ல விட்டீங்களா?"

அவளே தொடர்ந்தாள். "பதினெட்டு வருசம் தேயில பறிச்சவ நான். ஒருத்தரும் என் பையத் தொறந்து பாத்ததில்ல. நீங்க கத்தின்னு எழுதுனீங்க. இப்ப லயத்துல புள்ளைங்க என்னையப் பாத்தா, 'கன்னு வெட்டி அத்தை வருது'ன்னு ஓடுதுங்க."

"போஜன் சார்கிட்ட நான் சொல்லிடறேன்."

"வாயால சொன்னா யாருக்குத் தெரியும்? எழுதித்தான அனுப்புனீங்க? அதே மாதிரி எழுதி அனுப்புங்க. கூட்டத்துல எல்லார் முன்னாலயும் படிங்க. அப்புறம் வர்றதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

திரும்பும்போது என் பின்னாலிருந்து குரல் வந்தது. "சார், பாத்துப் போங்க. இங்க செவர்ப்பூ இன்னும் வரல. கால ஒதறிட்டு வந்தீங்கல்ல?"

ஏப்ரல் 16, ஞாயிறு

மூன்றாவது முறை. புழுக்கை, சுட்ட மண். இந்தத் தடவை காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். முடிவு தெரிந்ததுதான் என்றாலும் செய்யாமல் எழுதக் கூடாது.

ஏப்ரல் 27, வியாழன்

சுட்ட மண்: ஒன்றுமில்லை. புழுக்கை: புல் பதினேழு. பூண்டு இல்லை, ஒன்றுகூட.

ஒப்பீட்டை இருமுறை எழுதினேன். முதல் பிரதியில் "மனிதக் கவனக்குறைவு" என்று வந்தது. எந்த மனிதன்? கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

கூட்டம். பதினான்கு பேர். கடைசி வரிசையில் பவளம், முழங்காலில் கை வைத்து.

படித்தேன். "கன்றுகளை வெட்டியது முயல். பூண்டைப் பரப்பியது நான் வைத்த தொட்டி. அந்தத் தண்ணீரை ஊற்றச் சொன்னவன் நான். ஊற்றாமல் தடுத்தவர் பவளம். அவர் மேல் நான் பிப்ரவரி இருபத்திரண்டில் எழுதியது பொய். அதைப் பொய் என்று காட்டும் சான்று அப்போதே என்னிடம் இருந்தது, நான் பார்க்கவில்லை."

நிறைமதி, பவளத்தைப் பற்றிய வரி வந்ததும் தலையைத் தூக்கினாள். உறை பற்றிய வரி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

போஜன் தாளை வாங்கி மறுபடி படித்தார். "இத நீங்க எழுதாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே சார்" என்றார்.

"தெரிஞ்சிருக்காது" என்றேன்.

வேலி இல்லை. களையெடுக்க ஆள். சரிவின் பொறுப்பை அடுத்த மாதத்திலிருந்து நிறைமதி பார்ப்பாள். நான் அவளுக்குக் கீழே. இப்படி முடியும் என்று ஜனவரியிலேயே எனக்குத் தெரியும் என்று எழுதலாம். தெரியாது.

மே 8, திங்கள்

பவளம் வேலைக்கு வந்தாள். கத்தியும் கையுறையும் என் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தன. எடுத்துக்கொண்டாள். என்னிடம் பேசவில்லை.

மே 16, செவ்வாய்

பேசவில்லை. பூண்டைத் துண்டு விழாமல் பிடுங்க அவளுக்கு ஒரு முறை இருக்கிறது. கணுவுக்குக் கீழே விரலை நுழைத்து, மண்ணோடு தளர்த்தி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே போகிறாள். பத்தொன்பது மாதம் என் கண் முன்னால்தான் செய்தாள். நான் அவள் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 21, ஞாயிறு

முதல் மழை.

வெட்டுப்பட்ட கன்றுகளை எண்ணினேன். நாற்பத்தொன்பதில் முப்பத்தெட்டு துளிர்த்திருக்கின்றன. முயல் கடித்த இடத்துக்குக் கீழே, ஒன்றுக்கு இரண்டாக.

வாசலில் காலணியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். ஈரப்புல் குளிர்ந்தது. பவளம் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அட்டை ஏறும் சார்."

வேலைக்குத் திரும்பிய பிறகு முதல் பேச்சு.

"ஏறட்டும்" என்றேன்.

"ஏறுனா புடுங்காதீங்க. உப்பு வெச்சிருக்கேன்." இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் எறிந்தாள்.

பிடித்துக்கொண்டேன். பிரித்துப் பார்த்தேன். உப்புத்தான்.